அப்பாவின் மாத்திரைச் செலவு: எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது.

அப்பாவுக்கு 69 வயது. பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து ஏழு வருடம் ஆகிறது. முதலில் ஒரே ஒரு மாத்திரைதான், இப்போது மருந்துச் சீட்டில் ஆறு வரிகள். லெவோடோபா, கார்பிடோபா, என்டகபோன் மூன்றும் சேர்ந்த பிராண்ட் மாத்திரை நாளுக்கு நான்கு வேளை. பிராமிபெக்சோல், அதுவும் ஒரு நாள் முழுக்க மெதுவாகக் கரையும் வகை. ராசாஜிலின் ஒன்று. இவற்றோடு கோ-என்சைம் க்யூ10, வைட்டமின் ஈ, மூளை வலுவுக்கு என்று ஒரு கேப்சூல். சென்ற மாதம் அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்தபோது அடியில் வெள்ளித்தாளில் சுற்றிய பாதி மாத்திரைகள் பதினொன்று இருந்திருக்கின்றன. கேட்டதற்கு, "நன்றாகத்தானே இருக்கிறேன், பாதி போதும்" என்றாராம். அவர் மருந்துச் செலவு எழுதி வைக்கும் நோட்டைப் புரட்டினால், கடைசி சில பக்கங்களில் எழுத்து எறும்பு வரிசை மாதிரி சிறுத்துப் போயிருக்கிறதாம்.

அண்ணன் வேறொன்று சொல்கிறார்: லெவோடோபா ஐந்து வருடம்தான் வேலை செய்யும், அதைக் காப்பாற்றத்தான் மற்ற விலை உயர்ந்த மருந்துகள், ஜெனரிக் (அதே மருந்தை வேறு கம்பெனிகள் மலிவாகத் தயாரிப்பது) வாங்கினால் பாதிச் சத்துதான் இருக்கும் என்று. கடிதத்தின் கடைசியில், சம்பந்தமில்லாத விஷயம் போல ஒரு வரி: "இவ்வளவு பணக் கஷ்டத்திலும் அப்பா ராத்திரி இரண்டு மணி வரை ஃபோனில் உட்கார்ந்து தேவையில்லாத பொருட்களை வாங்கிக் குவிக்கிறார், அண்ணனுக்கும் அவருக்கும் தினமும் சண்டை." அவர் கேட்பது ஒன்றுதான்: இந்தச் செலவு ஏன் இவ்வளவு ஆகிறது, எதைக் குறைக்கலாம்?

சகோதரி, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் அந்தக் கண்ணாடிக் கூட்டைப் பற்றித்தான் பேச வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

அப்பா பொய் சொல்லவில்லை, உங்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அதனால் அவரைத் திட்டாதீர்கள். ஆனால் அவர் பாதியாக்கிய மாத்திரைகள் எவை என்று இன்றைக்கே பாருங்கள். மெதுவாகக் கரையும் பிராமிபெக்சோலை உடைத்தால் அது மெதுவாகக் கரையாது, நாள் முழுக்கப் போக வேண்டிய மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கும். தலைசுற்றல், ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவது, திடீர்த் தூக்கம், மனக்குழப்பம் எல்லாம் வரலாம். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரையும் உடைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல, வேளைக்கு ஒன்று என்ற கணக்கில் முழுதாக விழுங்க வேண்டியது. லெவோடோபாவும் கார்பிடோபாவும் மட்டும் உள்ள சாதாரண மாத்திரையில் பெரும்பாலும் நடுவில் கோடு இருக்கும், அதை டாக்டர் சொன்னால் பாதியாக்கலாம். அரை மாத்திரை என்பது எல்லா மருந்துக்கும் ஒரே அர்த்தம் கொண்டதல்ல.

இன்னொன்று. பார்க்கின்சனில் கையெழுத்து சிறுத்துப் போவது நோயின் அடையாளங்களில் ஒன்று. மருந்து சரியாகச் சேரும்போது எழுத்து பெரிதாவதும், சேராதபோது சுருங்குவதும் நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய் உங்கள் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று அப்பா வாயால் சொல்வதைவிட அந்தப் பக்கங்கள் அவருக்கு அதிகம் சொல்லும்.

இந்த மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவதோ பெரிதாகக் குறைப்பதோ உயிருக்கே ஆபத்தாகலாம். கடுமையான காய்ச்சல், உடம்பு கட்டை போல் விறைப்பது, நினைவு தடுமாறுவது என்று அவசர சிகிச்சைப் பிரிவு வரை கொண்டுபோய்விடும். எல்லோருக்கும் வராது, ஆனால் வந்தால் நீங்கள் மிச்சம் பிடித்த பல மாதப் பணம் ஒரே வாரத்தில் போய்விடும், பணத்தைவிடப் பெரியதும் போகலாம். விழுந்து இடுப்பெலும்பு முறிவதும் அப்படித்தான். டோஸ் குறைந்த நேரத்தில்தான் கால் தரையோடு ஒட்டிக்கொண்டு ஆள் சாய்வார்.

சரி, செலவுக்கு வருவோம்.

அந்த பில்லில் உண்மையில் என்ன இருக்கிறது

நீங்கள் மாதாந்திர பில்லை ஒரே தொகையாகப் பார்க்கிறீர்கள். அதை வரி வரியாகப் பிரித்துப் பாருங்கள், பயம் பாதி குறையும். இந்த நோயில் எனக்கு ஆறுதல் தரும் விஷயம் ஒன்று உண்டு: மிக அதிகமாக வேலை செய்யும் மருந்துதான் மிகப் பழைய மருந்து. பார்க்கின்சனில் மூளையில் குறைந்துபோவது அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற ரசாயனம், லெவோடோபா மூளைக்குள் போய் அதுவாக மாறும். லெவோடோபா 1960களிலேயே நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தது. கார்பிடோபாவோடு சேர்த்துக் கொடுப்பது 1970களில் இருந்தே வழக்கம். கார்பிடோபாவின் வேலை, லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் வீணாகாமல் தடுப்பது, குமட்டலைக் குறைப்பது. இந்த ஜோடி உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, பல கம்பெனிகள் தயாரிக்கின்றன. பில்லை ஏற்றுவது பெரும்பாலும் இந்த மாத்திரை இல்லை.

ஏற்றுவது மூன்று விஷயங்கள். ஒன்று, பழைய மருந்தின் புது வடிவம்: மெதுவாகக் கரைவது, தோலில் ஒட்டும் பேட்ச், மூச்சில் இழுக்கும் பொடி, மருந்தை விடாமல் உடம்புக்குள் செலுத்தும் பம்ப். உள்ளே இருக்கும் மருந்து பழையதே, அதைக் கொண்டுசேர்க்கும் முறைக்குத்தான் புதுக் காப்புரிமை, புது விலை. இரண்டு, ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டே போவது. மூன்று, நோய்க்குச் சம்பந்தமே இல்லாத சத்து மாத்திரைகள்.

புது வடிவங்கள் எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. நாளுக்கு ஏழெட்டுத் தடவை மாத்திரை போட்டும் பாதி நேரம் அசைய முடியாமல் கிடப்பவருக்கு ஒரு பம்ப் வாழ்க்கையையே திருப்பித் தரும். அப்படிப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் அப்பாவுக்கு இப்போது அந்த வடிவம் தேவையா என்பது தனிக் கேள்வி. விலை கூடியது என்பதாலேயே அது நல்ல மருந்து ஆகிவிடாது.

ஐந்து வருடக் கதை

அண்ணன் சொன்னது அவர் கண்டுபிடித்ததல்ல, ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படி நம்பினார்கள். லெவோடோபாவைத் தள்ளிப் போடு, சேமித்து வை என்றார்கள். பிறகு வந்த ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. இதில் என் மனதைத் தொட்ட ஆய்வு கானாவில் நடந்தது, 2014ல் வெளியானது. அங்கே பல நோயாளிகளுக்கு லெவோடோபா கிடைப்பதே கஷ்டம், அதனால் நோய் வந்து சராசரியாக நான்கு வருடத்துக்கு மேல் கழித்துத்தான் ஆரம்பித்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்த இத்தாலிய நோயாளிகள் அதற்கு முன்னாலேயே ஆரம்பித்தவர்கள். தாமதமாக ஆரம்பித்தவர்களுக்கு மருந்து சீக்கிரம் தேய்ந்துபோகும் தொல்லையும், உடம்பு தானாக ஆடும் தொல்லையும் தள்ளி வந்ததா என்று பார்த்தால், இல்லை. நோயின் மொத்த வயதைப் பொறுத்து இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் வந்தன. அவர்கள் தள்ளிப் போட்ட வருடங்களில் கிடைத்தது கஷ்டம் மட்டும்தான். 2019ல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வும், லெவோடோபாவை முன்னதாகவே தொடங்குவதால் நோய் வேகமாவதில்லை, மெதுவாவதும் இல்லை என்று காட்டியது.

ஐந்து வருடத்துக்குப் பிறகு நடப்பது இதுதான்: மருந்து வேலை செய்வதை நிறுத்துவதில்லை, ஒவ்வொரு டோஸும் நீடிக்கும் நேரம் குறைகிறது. கார்பிடோபாவோடு கொடுத்தாலும் லெவோடோபா ரத்தத்தில் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். ஆரம்பத்தில் மூளை அதைச் சேமித்து வைத்துக்கொள்ளும், டோபமைனைச் சுரக்கும் செல்கள் குறையக் குறைய சேமிக்கும் இடமும் குறைகிறது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் என்டகபோன், ராசாஜிலின் மாதிரியானவை வருகின்றன. அவை லெவோடோபாவைக் காப்பாற்றுவதில்லை, அதை நீட்டிக்கின்றன. ராசாஜிலின் நோயையே மெதுவாக்குமோ என்று ஒரு நம்பிக்கை இருந்தது. 2009ல் வெளியான ஆய்வில் 1 மில்லிகிராமில் ஏதோ தெரிந்தது, 2 மில்லிகிராமில் தெரியவில்லை. அதனால் இன்று அது அறிகுறிகளுக்காகத்தான் எழுதப்படுகிறது. "அப்பாவுக்கு இதனால் என்ன பலன் தெரிகிறது?" என்று டாக்டரிடம் கேட்பதில் தப்பே இல்லை.

ஜெனரிக் பற்றி

பாதிச் சத்து என்பது தவறு. ஒரு ஜெனரிக் அனுமதி பெற வேண்டுமானால், அது ரத்தத்தில் சேரும் அளவு மூல மருந்தோடு ஒப்பிட்டு நிரூபிக்கப்பட வேண்டும். அந்த ஒப்பீட்டில் 80 முதல் 125 சதவீதம் என்று ஒரு எல்லை வருவதால், இருபது சதவீதம் குறைவாக விற்கலாம் என்று பலர் படித்துக்கொள்கிறார்கள். அந்த எல்லை புள்ளியியல் பிழை விளிம்பையும் சேர்த்தது. சராசரி வித்தியாசம் அதைவிடச் சிறியதாக இருந்தால்தான் அந்த எல்லைக்குள் அடங்கவே முடியும்.

இங்கே ஒரு உண்மையையும் மறைக்க விரும்பவில்லை. நோய் முற்றியவர்களில், டோஸ் கால் மணி நேரம் முன்பின் ஆனாலே கால் நின்றுவிடும் என்ற நிலையில் இருப்பவர்கள், கம்பெனி மாறும்போது வித்தியாசம் உணர்வதாகச் சொல்வார்கள். அவர்களை நான் நம்புகிறேன். அதற்கு வழி, ஜெனரிக்கையே ஒதுக்குவதல்ல. ஒரு கம்பெனியின் ஜெனரிக்குக்கு மாறி, அதிலேயே நிற்பது. மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருந்தால்தான் தொல்லை. அட்டையின் நிறமும் மாத்திரையின் வடிவமும் மாறும்போது, "இது என் மாத்திரை இல்லை" என்று வயதானவர்கள் போடாமலே விட்டுவிடுவதும் உண்டு. மாறும்போது அப்பாவிடம் பழைய மாத்திரையையும் புதியதையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் எந்த வரிசையில் குறைப்பேன்

முதலில் சத்து மாத்திரைகள். கோ-என்சைம் க்யூ10-ஐப் பெரிய அளவுகளில் கொடுத்துச் சோதித்தார்கள், பலன் இல்லை என்று 2014ல் முடிவு வந்தது. வைட்டமின் ஈ நோயின் வேகத்தைக் குறைக்கவில்லை என்று 1993லேயே தெரிந்துவிட்டது. வேறு காரணத்துக்காக யாராவது எழுதினார்களா என்று மட்டும் கேட்டுவிட்டு, இந்த இரண்டையும் நிறுத்துங்கள். மூளை வலுவுக்கான கேப்சூலின் டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள், பார்க்கின்சனுக்கு நிரூபிக்கப்பட்ட எதுவும் அதில் இருக்க வாய்ப்பில்லை. பூனைக்காலி விதைப் பொடியை யாராவது சொன்னால் கவனம்: அதில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது, அதனால்தான் கவனம். விற்கும் பொடிகளில் அளவு ஒன்றுபோல் இருப்பதில்லை, ஏற்கெனவே போடும் மாத்திரையின் மேல் எவ்வளவு ஏறுகிறது என்றே தெரியாது.

அடுத்து, மூன்று மருந்து சேர்ந்த பிராண்ட் மாத்திரை. அதே லெவோடோபா-கார்பிடோபாவையும் என்டகபோனையும் தனித்தனி ஜெனரிக்காக, ஒரே நேரத்தில் போட்டுக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பதில் இரண்டு விழுங்க வேண்டும், அவ்வளவுதான். சில இடங்களில் சேர்ந்த மாத்திரையின் ஜெனரிக்கே மலிவாக இருக்கும், இரண்டு விலையையும் மருந்தாளுநரிடம் கேளுங்கள். பிராமிபெக்சோலிலும் இதே கதைதான்: ஒரு வேளை போடும் வகைக்குப் பதில், அதே மொத்த அளவை மூன்று வேளையாகப் பிரித்துச் சாதாரண மாத்திரையில் கொடுக்கலாம், ஒரே இரவில் மாறலாம். ஆனால் அப்பாவின் விஷயத்தில் பிராமிபெக்சோலைப் பற்றி வேறொரு பேச்சு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

எதை மாற்றினாலும் டாக்டருக்குத் தெரிந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். நடுவில் இரண்டு மூன்று வாரம் விடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

செலவே இல்லாத ஒரு திருத்தத்தையும் பாருங்கள். அப்பா மாத்திரையை எப்போது போடுகிறார்? சாப்பாட்டோடு என்றால், புரதம் உடைந்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் ஒரே வாசலில் முட்டி மோதும், மருந்து தோற்றுப்போகும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போடட்டும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதையும் இதையும் இரண்டு மணி நேரமாவது தள்ளி வையுங்கள். மலச்சிக்கலைக் கவனியுங்கள், குடல் மந்தமாக இருந்தால் மாத்திரை சேரவும் நேரமாகும். நேரத்தைச் சரிசெய்தாலே போதும் என்ற இடத்தில் ஒரு புது மருந்து சேர்க்கப்படுவதை நான் எத்தனையோ சீட்டுகளில் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன். இரண்டு வாரம், எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்குச் சாப்பாடு, எப்போது நன்றாக இருந்தார், எப்போது நின்றுபோனார் என்று அதே நோட்டில் எழுதுங்கள்.

அந்த ராத்திரி இரண்டு மணி

இது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரி. என் கண்ணில் பட்ட முதல் வரி. அப்பா ராத்திரியில் பொருள் வாங்கிக் குவிப்பது அவருடைய குணம் கெட்டதால் இருக்காது, மருந்தால் இருக்கலாம். பிராமிபெக்சோல், ரோபினிரோல், ரோட்டிகோட்டின் பேட்ச் போன்ற, மூளையில் டோபமைன் மாதிரியே வேலை செய்யும் டோபமைன் அகோனிஸ்ட் மருந்துகளுக்கு இப்படி ஒரு பக்கவிளைவு உண்டு: அடக்க முடியாத கொள்முதல், சூதாட்டம், அளவுக்கு மீறிய காம இச்சை, தின்றுகொண்டே இருப்பது. 2010ல் வெளியான, 3,000 பேருக்கு மேல் ஆராய்ந்த ஆய்வில், இந்த வகை மருந்து எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது ஒன்று இருந்தது, எடுக்காதவர்களில் சுமார் 7 சதவீதம். வெட்கத்தால் யாரும் வாயைத் திறப்பதில்லை, டாக்டர்களும் எப்போதும் கேட்பதில்லை.

இதை அண்ணனிடம் சொல்லுங்கள், இன்றைக்கே. தினமும் நடக்கிற அந்தச் சண்டை அப்பாவோடு இல்லாமல் ஒரு மாத்திரையோடு நடக்க வேண்டியது. டாக்டரிடம் அப்பா இல்லாதபோது தனியாகவாவது சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அந்த மருந்தைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதுவும் படிப்படியாக. சட்டென்று நிறுத்தினால் பதற்றம், மனச்சோர்வு, வியர்வை என்று போதையை விட்டவருக்கு வருவது மாதிரித் தொல்லைகள் வரும். அதுவரை பணம் கட்டும் வழிகளை, அப்பாவின் சம்மதத்தோடு, கொஞ்சம் இறுக்கி வையுங்கள். அவருடைய கௌரவம் கெடாதபடி செய்ய முடியும், "மருந்து இப்படிச் செய்யுமாம்ப்பா, டாக்டர் சொன்னார்" என்று தொடங்கினால் போதும்.

கேட்பது உங்கள் உரிமை

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் சில கேள்விகளை எங்கேயும் கேட்கலாம். மருந்தின் பெயரை பிராண்டாக அல்லாமல் மூலப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் "இது எதற்கு, விட்டால் என்ன ஆகும்" என்று கேளுங்கள். காப்பீடு இருந்து ஒரு மருந்தை மறுத்தால், மறுப்பை எழுத்தில் வாங்கி, டாக்டரின் கடிதத்தோடு மேல்முறையீடு செய்ய வழி உண்டா என்று பாருங்கள், பலர் முதல் மறுப்போடு விட்டுவிடுகிறார்கள். அரசுத் திட்டம், மருந்துக் கம்பெனிகளின் உதவித் திட்டம் உண்டா என்று மருத்துவமனையின் சமூகப் பணியாளருக்குத் தெரிந்திருக்கும். "எங்களால் இவ்வளவுதான் முடியும்" என்று டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படாதீர்கள். சொல்லாதவரை, எழுதிய மருந்தை எல்லாம் அப்பா முழுதாகச் சாப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் அவர் அடுத்த மருந்தை எழுதுவார். பாதி டோஸில் இருப்பவருக்கு முழு டோஸ் போதவில்லை என்று கணக்குப் போட்டு இன்னொன்றைச் சேர்ப்பார். உங்கள் வீட்டில் ஒருவேளை அதுவே நடந்திருக்கலாம்.

முகம் தெரியாத இணையதளத்தில் மலிவாக வாங்குவதும், வேறொரு நோயாளியின் மிச்ச மாத்திரையை வாங்குவதும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மருந்தை இந்த நோயில் நம்பவே கூடாது. மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கினால் சில இடங்களில் மிச்சமாகும், ஆனால் டோஸ் மாறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அது பண விரயம், நிலைத்த பிறகு செய்யுங்கள்.

அந்தப் பதினொரு துண்டுகளை அப்பா இனிமேல் போட வேண்டாம். எது எந்த மாத்திரை என்று தெரியாது, தவிர லெவோடோபா ஈரமும் காற்றும் பட்டால் கறுத்துக் கெடும். ஆனால் அவற்றை எறியாமல் அப்படியே ஒரு கவரில் போட்டு, நோட்டோடும் எல்லா அட்டைகளோடும் டப்பாக்களோடும் ஒரே பையில் எடுத்துப் போய் டாக்டரின் மேஜையில் கொட்டுங்கள். சந்திப்பு அடுத்த மாதம்தான் என்றால் காத்திருக்காதீர்கள். இந்த வாரமே ஃபோன் செய்து, "அப்பா சில வாரமாகப் பாதி டோஸில் இருந்திருக்கிறார், முழு டோஸுக்கு எப்படித் திரும்புவது" என்று கேளுங்கள். எவ்வளவு நாளாகக் குறைத்தார் என்பதைப் பொறுத்து அவர் படிப்படியாக ஏற்றச் சொல்லலாம், நீங்களாக ஒரே நாளில் ஏற்றிவிட வேண்டாம். பிராமிபெக்சோல் பற்றியும் ராத்திரி ஃபோன் பற்றியும் அந்த அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.